அடுக்களையிலிருந்து கத்தாதீர்கள்: சின்னப் பிள்ளைகளை வழிநடத்தச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஒன்றரை வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டு வாசலில் மாலை ஆறரை மணிக்கு மேல் நின்றால் போதும். ஓடாதே, தொடாதே, ஏறாதே, கொட்டாதே, கத்தாதே, தம்பியை அடிக்காதே என்று வரிசையாகக் காதில் விழும். குரல் அடுக்களையிலிருந்து வரும், அல்லது டிவிக்கு எதிரே இருக்கும் நாற்காலியிலிருந்து. சொன்னவர் இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார். பிள்ளையும் செய்துகொண்டிருந்ததை நிறுத்தியிருக்காது. ஐந்தாவது தடவை குரல் ஏறும், ஏழாவது தடவை கை ஓங்கும். மறுநாள் பக்கத்து வீட்டில் புகார்: "சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்க்கா."

உண்மையில் அவன் நன்றாகவே கேட்டிருக்கிறான். முதல் நாலு தடவைக்கு ஒன்றும் ஆகாது, ஐந்தாவது தடவைதான் ஆபத்து என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

கீழே வருபவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. குழந்தை மருத்துவர்களும் பாலர் பள்ளி ஆசிரியர்களும் காலங்காலமாகச் சொல்லி வருவதை நம் வீட்டு நடப்புக்குப் பொருத்தியிருக்கிறேன். வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், முதலாவதைத் தவிர. அது இல்லாமல் மற்றவை வேலை செய்யாது.

செய்ய வேண்டியவை

எழுந்து பக்கத்தில் போங்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒரு விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது அடுத்த அறையிலிருந்து வரும் குரலுக்குத் தனி மரியாதை கிடையாது. மிக்ஸி, குக்கர் விசில், சீரியல் வசனம் ஆகியவற்றோடு அதுவும் ஒரு சத்தம். எழுந்து போங்கள். குத்துக்காலிட்டு உட்காருங்கள். உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேரே வரட்டும். தோளைத் தொட்டு, பெயரைச் சொல்லி, ஒரே ஒரு வாக்கியம்: "கவின், பைப்பை மூடு." மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். சொன்னது புரிந்து, அந்த விளையாட்டிலிருந்து மனம் விடுபட்டு, கை நகர்வதற்கு அந்த வயதில் அவ்வளவு நேரம் ஆகும். நாம் அந்தப் பத்து விநாடிக்குள் மூன்று தடவை சொல்லிவிடுகிறோம்.

பத்து எண்ணியும் நகரவில்லையா? மறுபடி சொல்ல வேண்டாம். அவன் கையைப் பிடித்து, அந்தக் கையாலேயே குழாயை மூட வையுங்கள். "மூடியாச்சு. வா, துடைச்சுக்கலாம்." அதோடு விஷயம் முடிந்தது. கோபமும் வேண்டாம், தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிய சொற்பொழிவும் வேண்டாம். ஒரு வாரம் இப்படி நடந்தால், அம்மா ஒரு தடவை சொன்னால் அது நடக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு எழுந்து போக வேண்டிய தேவையே பாதியாகக் குறையும்.

தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது எப்படி எழுந்து போவது? நியாயமான கேள்வி. அதனால்தான் இதை அம்மாக்களுக்கு மட்டுமான பட்டியலாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் எழுந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் அநேகமாகப் போனைத் தடவிக்கொண்டிருக்கும் அப்பாதான். யாராலும் எழ முடியாத வேளை என்றால், அந்த உத்தரவைப் போடாமலே விடுவது மேல். நிறைவேற்ற ஆளில்லாமல் போடும் ஒவ்வொரு உத்தரவும் அடுத்த உத்தரவின் மதிப்பைக் கெடுக்கிறது.

ஆபத்து என்றால் மட்டும் இந்த விதி செல்லாது. தெருவில் வண்டி வரும்போது குத்துக்காலிட முடியாது. "நில்!" என்று அலறிவிட்டு ஓட வேண்டியதுதான். நாள் முழுக்கக் கத்தாத வீட்டில்தான் அந்த ஒரு அலறலுக்குப் பிள்ளை திடுக்கிட்டு நிற்கும்.

செய்யக்கூடாததைச் சொல்வதை விட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஓடாதே" என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு என்ன செய்வது என்று இரண்டரை வயதுக்குத் தெரியாது. "நடந்து வா" என்றால் தெரியும். "கொட்டாதே" என்பதற்குப் பதில் "ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ." "கத்தாதே" என்பதற்குப் பதில் "காதுகிட்ட வந்து சொல்லு." "பாப்பாவைத் தொடாதே" என்பதற்குப் பதில் "பாப்பா காலை மட்டும் மெதுவாத் தடவிக் குடு." இன்று மாலை ஒரு மணி நேரம் உங்கள் வாயிலிருந்து எத்தனை "-ஆதே" வருகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

பிள்ளையைத் திருத்தும் முன் வீட்டைத் திருத்துங்கள். தொடக்கூடாது என்று தெரிந்தும் தொடுகிறானே என்ற ஆத்திரம் எல்லோருக்கும் வரும். தெரிவது வேறு, அடக்கிக்கொள்வது வேறு. ஆசையை நிறுத்திப் பிடிக்கும் வேலையைச் செய்வது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி. அது முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகும். இரண்டு வயதில் அதை நம்பி மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த பீங்கான் ஜாடியை டீப்பாயில் வைப்பது நம் தவறு. ஜாடி மேலே போகட்டும். மாத்திரை டப்பா, கொசுவிரட்டி மருந்துக் குப்பி, ரிமோட்டிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரி, தொங்கும் அயர்ன்பாக்ஸ் வயர் எல்லாம் கைக்கெட்டாத இடத்துக்குப் போகட்டும். குளியலறையில் நிரம்பிய வாளியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வராதீர்கள். தவழும், தள்ளாடி நடக்கும் பிள்ளைகள் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இந்த இடத்தில் "சொல்லிக்கொடுத்திருக்கேன், போக மாட்டான்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

எடுத்து வைப்பதோடு முடியவில்லை, இறக்கி வைப்பதும் உண்டு. பையை மாட்ட அவன் உயரத்தில் ஒரு கொக்கி, எட்டும் அலமாரியில் அவனுக்கென்று ஒரு சின்ன டம்ளர், செருப்பு விட வாசலில் ஓர் இடம். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்கு முன்பே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் சொல்லிவந்தது இதைத்தான்: சாமான்கள் பிள்ளையின் உயரத்துக்கு இருந்தால் பாதி உத்தரவுகளுக்கு வேலையே இல்லை. அவர் பெயரைப் போர்டில் எழுதிவைத்திருக்கும் பள்ளிகள் நம் ஊரில் தெருவுக்கு ஒன்று. உள்ளே போய்ப் பார்த்தால் நாலு வயதுப் பிள்ளைகள் பெஞ்சில் கை கட்டி உட்கார்ந்திருக்கும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். "குளிக்கிறியா தங்கம்?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் ஒரு பதில்தான். வேண்டாம் என்ற பதிலை ஏற்க முடியாத இடத்தில் கேள்வியே கேட்காதீர்கள். "குளிக்கிற நேரம். வாளில குளிக்கிறியா, ஷவர்லயா?" இரண்டு போதும். நாலு கொடுத்தால் குழம்பிப்போய் ஐந்தாவதைக் கேட்கும்.

முன்கூட்டியே சொல்லுங்கள். பூங்காவிலிருந்து கிளம்பும்போது "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பதில் பயனில்லை. ஐந்து நிமிடம் எவ்வளவு என்று அந்த வயதுக்குப் பிடிபடாது. "இன்னும் மூணு சறுக்கு, அப்புறம் செருப்பு மாட்டணும்" என்றால் பிடிபடும். கூடவே நின்று எண்ணுங்கள். மூன்று முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். நாலாவதுக்குச் சம்மதித்தால் மறுநாள் மூன்று என்பதற்கு அர்த்தமில்லை.

அடம் என்று பெயர் வைக்கும் முன் வயிற்றையும் கண்ணையும் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் உருண்டு புரண்டு அழும் பிள்ளையைச் சொந்தக்காரர்கள் பார்வையில் பார்க்காமல் பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். முகூர்த்தத்துக்காக நாலரைக்கு எழுப்பப்பட்டிருக்கிறது. ஜரிகை கழுத்தை அறுக்கிறது. நாதஸ்வரத்துக்கு நேரே உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் பந்தி இன்னும் போடவில்லை, யாரோ கொடுத்த பூந்தி மட்டும் வயிற்றில். இதுவரை பன்னிரண்டு பேர் கன்னத்தைக் கிள்ளியிருக்கிறார்கள். பெரியவர்களே எரிந்து விழும் நிலைமை இது. மூன்று, நாலு வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குப் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி. ஒன்று, இரண்டு வயதுக்கு 11 முதல் 14. அப்பா வேலையிலிருந்து வரும்வரை விழித்திருந்து, பதினொன்றுக்குப் படுத்து, ஏழு மணி வேனுக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எங்கே பொருந்தும்? அந்த வீட்டில் ஒழுங்குபடுத்த வேண்டியது படுக்கை நேரத்தைத்தான்.

அழுகைக்கு நடுவே பாடம் நடத்தாமல் கூடவே இருங்கள். பேருந்து நிலையக் கடை. சரம் சரமாகச் சிப்ஸ் பாக்கெட் சரியாக மூன்றரை வயதின் கண்ணுக்கு நேரே தொங்குகிறது. (அது தற்செயல் இல்லை. கடைக்காரருக்குத் தெரியும்.) "அம்மா, அது." "வேண்டாம், வீட்ல சோறு இருக்கு." அவ்வளவுதான், தரையில் விழுந்தாயிற்று. ஒரு கையில் பை, மறு கையில் பஸ்ஸுக்கு எடுத்து வைத்த சில்லறை. சுற்றி நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறார்கள். "அஞ்சு ரூவா தானம்மா, வாங்கிக் குடுத்துட்டுப் போ." "ஒண்ணு போட்டா எந்திரிக்கும்." கடைக்காரர் கேட்காமலே பாக்கெட்டைப் பிய்த்து நீட்டுகிறார்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது குறைவு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடையை விட்டு ஒரு தூண் ஓரமாகப் போங்கள். உட்காருங்கள். "சிப்ஸ் வேணும்னு ஆசையா இருந்துச்சு. அம்மா வாங்கித் தரல. கோவம் வந்துடுச்சு." மூன்றே வாக்கியம். பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். முதுகைத் தடவினால் தட்டிவிடுகிறதா, தடவ வேண்டாம். அழுகை உச்சத்தில் இருக்கும்போது எண்ணெய்ப் பண்டத்தின் கேட்டைப் பற்றிச் சொல்வது யார் காதிலும் ஏறாது. அது தானாக இறங்கும். இறங்கியதும் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, பஸ்ஸைப் பார்க்கக் கிளம்புங்கள். நடந்ததைக் கிளறாதீர்கள்.

அழுத பிறகு அந்தப் பாக்கெட்டை வாங்கித் தருவதை மட்டும் செய்யக்கூடாது. வாங்கித் தரும் எண்ணம் இருந்தால் முதல் தடவை கேட்டபோதே தந்துவிடுங்கள், அதில் குற்றமில்லை. ஆறு தடவை மறுத்து ஏழாவது தடவை கொடுத்தால், ஏழு தடவை அழ வேண்டும் என்பதுதான் அது கற்றுக்கொள்ளும் பாடம். எப்போதாவது ஒரு முறை பலிக்கும் அழுகைதான் கடைசிவரை நிற்காத அழுகை.

நல்லதைப் பார்த்தால் என்ன செய்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். "சூப்பர்", "குட் பாய்" எல்லாம் பிஸ்கட் மாதிரி, வாயில் போட்டதும் கரைந்துவிடும். "தம்பி அழுதப்ப நீயே போய் உன் பொம்மையைக் குடுத்தியே, பார்த்தேன்" என்றால் எதைச் செய்தோம் என்று பிள்ளைக்குத் தெரியும். அமெரிக்காவில் கேரல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பின் பெரும்பாலும் சுலபமான புதிர்களையே தேடினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கடினமானதைக் கேட்டு வாங்கினார்கள். "என் பொண்ணு ரொம்ப பிரைட்டு" என்று அவள் காதுபட எல்லோரிடமும் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

விளைவு செயலோடு ஒட்டியிருக்கட்டும். தண்ணீரைக் கொட்டினால் துணியை எடுத்துக் கொடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட உட்காருங்கள். சுவரில் கிறுக்கினால் ஈரத்துணி. மணலை எறிந்தால் மணலைவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே. தண்ணீரைக் கொட்டியதற்கு ஞாயிற்றுக்கிழமை பீச் கிடையாது என்றால் இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று அதற்கு விளங்காது. உங்களுக்குத் தன்மேல் கோபம் என்பது மட்டும் விளங்கும்.

வீட்டுக்குள் ஒரே பேச்சாக இருங்கள். அம்மா இல்லை என்றதை அப்பத்தா முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொடுக்கும் வீடுகள் நம்முடையவை. எல்லாவற்றிலும் ஒற்றுமை வராது, வரவும் வேண்டாம். அடிப்பதில்லை, பொய் சொல்லிப் பயமுறுத்துவதில்லை, சாப்பிடும்போது போன் இல்லை என்று இரண்டு மூன்றில் மட்டும் பெரியவர்கள் தங்களுக்குள், பிள்ளை தூங்கிய பிறகு, பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மற்றதில் அப்பத்தாவின் ஆட்சி நடக்கட்டும். எப்போதாவது ஒரு தின்பண்டத்தால் யாரும் கெட்டுப்போனதில்லை.

செய்யக்கூடாதவை

அடிக்காதீர்கள். கிள்ளுவதும் குட்டுவதும் காதைத் திருகுவதும் அடியில் சேர்த்திதான். தொடையில் கிள்ளுவது நம் ஊரின் தனிக்கலை. விருந்தாளிகள் முன்னால் சிரித்த முகத்தோடு அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், என்ன குறைஞ்சு போயிட்டோம்?" என்பார்கள். நன்றாக வளர்ந்தவர்கள் அடியால் வளரவில்லை, அடியையும் மீறி வளர்ந்தார்கள். அந்த வீட்டில் அடியோடு சேர்த்து அன்பும் சோறும் பேச்சும் இருந்தன. அவற்றின் பெருமையை அடிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் இருவரும் ஐம்பது ஆண்டுகளில் நடந்த 75 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை, ஒன்றாகத் தொகுத்து 2016இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது காயம்படும் கொடுமையை அல்ல, புட்டத்தில் கையால் போடும் சாதாரண அடியை. அந்த அடிக்கும் பிள்ளையின் முரட்டுத்தனம், கீழ்ப்படியாமை, மனநலக் கோளாறு ஆகியவற்றுக்கும் தொடர்பு தெரிந்தது. அடியால் பிள்ளை திருந்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

எனக்கு அந்த எண்களைவிடப் பெரிதாகப் படுவது அன்றாடம் கண்ணில் படும் ஒன்று. தம்பியை அடித்ததற்காக அக்காவை அடிக்கிறோம். "அடிக்கலாமா? அடிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே அடிக்கிறோம். அந்தப் பிள்ளை என்னவென்று புரிந்துகொள்ளும்? தன்னைவிடச் சின்னவனை அடிக்கலாம், மாட்டிக்கொள்ளக்கூடாது என்றுதான்.

ஸ்வீடன் 1979இலேயே வீட்டிலும் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. உலகில் அதுதான் முதல் நாடு. நம் பக்கத்து நாடான நேபாளம் 2018இல் அதைச் செய்தது.

கை ஓங்கிவிட்டது, என்ன செய்ய? இரண்டடி பின்னால் போங்கள். பிள்ளை பத்திரமான இடத்தில் இருந்தால் அடுத்த அறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் "நீங்க பாருங்க" என்று ஒப்படைத்துவிடுங்கள். அப்படிக் கேட்கும்போது மறுபேச்சில்லாமல் எழுந்து வர வேண்டும் என்பது கணவர்களுக்கான விதி.

பூச்சாண்டி காட்டாதீர்கள். சாக்குக்காரன், ஊசி போடும் டாக்டர், பிடித்துக்கொண்டு போகும் போலீஸ். இவர்களைக் காட்டி ஒரு வாய் சோறு உள்ளே போகும், மறுக்கவில்லை. ஆனால் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளை யாரிடம் ஓட வேண்டும்? பக்கத்தில் நிற்கும் காக்கிச் சட்டையிடம். அந்தச் சட்டையைப் பார்த்து ஒளிந்துகொள்ளத்தானே நாம் மூன்று வருடமாகப் பழக்கியிருக்கிறோம். காய்ச்சலோடு டாக்டர் முன்னால் உட்கார வைத்தால் வாயைத் திறக்காமல் போவதும் இதனால்தான். எல்லாவற்றிலும் மோசமானது "அம்மா உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்." நமக்கு அது பேச்சு. மூன்று வயதுக்கு அது நிஜம். இருட்டறையில், குளியலறையில் அடைப்பதும் இந்த வகைதான்.

விழுந்தால் தரையை அடிக்காதீர்கள். "தரைதான் பாப்பாவைத் தள்ளிவிட்டுச்சு, அடி!" இதில் என்ன கெடுதல் என்று தாத்தாக்கள் வருத்தப்படுவார்கள். பெரிய கெடுதல் இல்லை. வலித்தால் யாரையாவது திருப்பி அடிக்க வேண்டும் என்று மட்டும் பழகிவிடும். "வலிக்குதா? காட்டு" என்றால் போதுமே.

பட்டப்பெயர் வைக்காதீர்கள், ஒப்பிடாதீர்கள். குண்டு, கருப்பி, திக்குவாய், அழுமூஞ்சி. பாசமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பதெல்லாம் கூப்பிடுகிறவருக்கு. பெரியப்பா மகன் ஏ பி சி டி எழுதுவதைச் சொல்லிக் காட்டினால் இவனுக்கு எழுத்து வராது, பெரியப்பா மகன்மேல் வெறுப்பு வரும். படுக்கையில் சிறுநீர் போனதை வந்தவர்களிடம் சிரித்துக்கொண்டு சொல்வதையும் விட்டுவிடுங்கள். அது நோயும் இல்லை, வேண்டுமென்று செய்வதும் இல்லை. ஐந்து வயதுவரை பல பிள்ளைகளுக்குச் சகஜம்.

போனைக் கொடுத்து அழுகையை வாங்காதீர்கள். ஒரு வயதுக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது மேலே சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டி. நேரக்கணக்கைவிட எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்து நிமிடப் பாட்டை உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பதில் ஒன்றுமில்லை. அழுதால் போன் என்று ஆகிவிட்டால், தானாக அமைதியாகும் வழியைப் பிள்ளை பழகவே சந்தர்ப்பம் கிடைக்காது.

சோற்றைப் போர்க்களமாக்காதீர்கள். என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது ஆகியவை நம் முடிவு. எவ்வளவு சாப்பிடுவது அதன் முடிவு. அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலன் சாட்டர் பிரித்துச் சொன்ன இந்தக் கணக்கு நம் அம்மாக்களுக்கு ஜீரணமாவது கஷ்டம். மொட்டை மாடிவரை கிண்ணத்தோடு துரத்திப் பழகியவர்கள் நாம். எடை சரியாக ஏறிக்கொண்டிருந்தால் ஒரு வேளை குறைவாகச் சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம். அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறித்துத் தரும் அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டாதீர்கள். ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, "இப்படிப் பண்ணினா ஊருக்கே கூட்டிட்டுப் போக மாட்டேன்." தன்னையும் கூட்டிப் போவீர்கள் என்று அவனுக்கே தெரியும்.

வலுக்கட்டாயமாக முத்தம் கொடுக்க வைக்காதீர்கள். "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, குடுத்தாத்தான் சாக்லேட்." பிள்ளை பின்வாங்கினால் கூச்ச சுபாவம் என்று தள்ளிவிடுகிறோம். தன் உடம்பை யார் தொடலாம் என்று முடிவு செய்யும் உரிமை அதற்கு உண்டு என்பதை இந்த வயதிலேயே பழக்க வேண்டும். ஒரு பக்கம் கெட்ட தொடுதல் பற்றிப் பள்ளியில் பாடம் நடக்கிறது. இன்னொரு பக்கம், பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையை நாமே பிடித்து மடியில் உட்கார்த்தி வைக்கிறோம். கை கூப்பி வணக்கம் சொன்னால் போதும். மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

"சாரி சொல்லு" என்று பிடரியைப் பிடிக்காதீர்கள். அடிபட்ட பிள்ளைக்கு ஒத்தடம் கொடுக்க இவனைக் கூட்டிப்போங்கள். மூன்று வயதில் செய்யத் தெரிந்தது அதுதான். சொல் பின்னால் வரும்.

காது கேட்கிறதா என்று பார்க்காமல் பிடிவாதம் என்று முடிவு கட்டாதீர்கள். இவ்வளவும் செய்தும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை, கண் பார்ப்பதில்லை என்றால் அது ஒழுக்கப் பிரச்சினை இல்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்ற சமாதானத்தில் ஒரு வருடத்தை இழக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதைப் பரிசோதிக்கவும் பயிற்சி தரவும் தனி மையங்கள் இருக்கின்றன, கட்டணம் இல்லை.

கடைசியாக, பள்ளி வாசலில் செய்யக்கூடாத ஒன்று. சேர்க்கும் நாளில் ஆசிரியரிடம் "கண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர், மத்தபடி தோலை உரிச்சாலும் ஏன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இனிமேல் பள்ளியில் என்ன நடந்தாலும் வீட்டில் வந்து சொல்லிப் பயனில்லை என்று அந்த நிமிடமே அதற்குத் தெரிந்துவிடுகிறது. சட்டமும் அந்த அனுமதியை உங்களுக்குக் கொடுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து, பொறுப்பில் இருப்பவர் கொடுமைப்படுத்தினால் தண்டிக்க இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு இருக்கிறது. பெற்றோர் சம்மதித்தார்கள் என்பதால் அது குற்றமில்லாமல் போகாது. எந்தப் பிள்ளையாவது அடிபடுவது தெரிந்தால் 1098 என்ற இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாமல் வாருங்கள். முடிந்தால் மாற்றிச் சொல்லுங்கள்: "எங்க வீட்ல அடிக்கிறதில்ல டீச்சர், நீங்களும் அடிக்காதீங்க."